ஊதாப் புள்ளி வைத்த பென்டிரைவ்

உர்சுலாவின் லேப்டாப்பை மாரிஸ் திருப்பிக் கொடுத்தபோது அது செத்திருந்தது.

உர்சுலா என் மனைவி, மாரிஸ் அவளுடைய தம்பி. அவளுடைய அடக்கம் முடிந்த வாரத்தில், நினைவு அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி லேப்டாப்பைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனான். அங்கே அவனுக்குப் பழைய லேப்டாப்புகளை வாங்கி விற்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. நினைவு அட்டை அச்சாகி வந்தது. அதில் இருந்த படம் என் கைப்பேசியிலிருந்து நான் அனுப்பியது. லேப்டாப் அதற்கும் பிறகு வந்தது.

"அப்டேட் ஆகும்போது போயிடுச்சு மச்சான்," என்றான். "பழசு லா. விட்டுடுங்க. நானே நல்லதா ஒண்ணு தரேன்."

"இதை ஏன் திறந்தே?"

"படத்துக்குத்தான்."

"பாஸ்வேர்டு?"

"தெரியல. சும்மா பாத்தேன்."

பாஸ்வேர்டு தெரியாதவன் படம் தேடியிருக்கிறான். படம் கிடைக்காதவன் அப்டேட் செய்திருக்கிறான். நான் மேலே கேட்கவில்லை. கேட்காமல் மனத்தில் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகன விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். மனிதர்கள் சொல்லும் கதையில் எது எதோடு பொருந்தவில்லை என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

உர்சுலாவின் கதையில் பொருந்தாதது ஒன்றுதான். அவளுக்கு வேலை பங்சாரில். அன்று மதியம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "சாப்பிடப் போறேன்." பங்சாரில் சாப்பிடப் போனவளை, அங்கிருந்து காரில் போக வேண்டிய தூரத்தில் இருக்கும் கம்போங் மேடான் அடுக்குமாடிகளுக்கு எதிரே, சாலையைக் கடக்கும்போது, லோரி மோதியது. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அந்த இடத்தின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதுகூட இல்லை.

யாரைப் பார்க்கப் போனாள்?

எட்டு மாதமாக இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் மாரிஸ் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தான். நான் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து போனேன். அவன் கிள்ளானிலிருந்து. அந்த மதிய நெரிசலில் கிள்ளானிலிருந்து வருபவன் என்னை முந்த வழியே இல்லை. அவன் போட்டிருந்த சட்டையும் அவனுடையதல்ல. அரைக்கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. அப்போது நான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் சட்டையைப் பார்த்தேன்.

மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். அதில் அவளுடைய பணப்பை, நசுங்கிய கைப்பேசி, ஒரு பென்டிரைவ். பென்டிரைவின் மூலையில் ஊதா நகப்பூச்சில் ஒரு புள்ளி. தன் பொருள் என்று காட்ட அவள் எல்லாவற்றிலும் அப்படி வைப்பாள். சார்ஜரில் இருக்கும், குடைப் பிடியில் இருக்கும். இட்லிப் பாத்திரத்தின் மூடியில்கூட ஒன்று இருக்கிறது.

அந்தப் பென்டிரைவை என் கணினியில் செருகினால் எப்போதும் ஒரே கேள்விதான் வரும். இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யவா? செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். வேண்டாம் என்று அழுத்துவேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி செருகுவேன். மறுபடி அதையே கேட்கும். பூட்டி வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். பூட்டும் அளவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விஷயம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துத் திறக்கச் சொல்லியிருக்கலாம். என் மனைவி எதை ஒளித்தாள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் பென்டிரைவை விட்டுவிட்டு லேப்டாப்பை எழுப்பலாம் என்று நினைத்தேன். அதையும் நானே.

எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் பாலன். வெள்ளிக்கிழமைகளில் மதிய இடைவேளை நீளம் என்பதால் அவனோடு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவது வழக்கம்.

"ஒரு லேப்டாப். விண்டோஸ் வரல. உள்ள இருக்கறது வேணும்," என்றேன்.

"யாரோடது?"

"பழசு."

"யாரோடதுன்னு கேட்டேன் பாஸ், வயசு கேக்கல." ரசத்துக்குக் கையைக் குவித்தவன் என் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சரி, விடுங்க. விண்டோஸ் மாதிரியே லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதோட ஐஎஸ்ஓ பைலை டவுன்லோட் பண்ணுங்க. அதைப் பென்டிரைவ்ல போட்டு, பென்டிரைவ்லேருந்தே லேப்டாப்பைக் கிளப்புங்க, அதாவது பூட் பண்ணுங்க. லேப்டாப்ல இருக்கற விண்டோஸைத் தொடவே தொடாது. வாசக்கதவு திறக்கலன்னா பின்பக்கமா போய்ச் சாமானை எடுக்கற மாதிரி."

"யாராவது உள்ள போய் எதையாவது அழிச்சிருந்தா தெரியுமா?"

"யாரு அழிப்பா?"

நான் அப்பளத்தை உடைத்தேன்.

"நீங்க கேக்கற கேள்வியே சரியில்ல பாஸ்," என்றான் பாலன். "சாப்பிடுங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில், பூக்கடைகளுக்கு அடுத்த ஒரு கைப்பேசிக் கடையில் பென்டிரைவ் கேட்டேன்.

"காருக்கா அண்ணே?" கடைக்காரர் ஒரு தட்டை முன்னால் தள்ளினார். "பழைய பாட்டு, சாமி பாட்டு, எல்லாம் ஏத்தி வச்சது. ஈப்போ போயி திரும்பி வரலாம், ஒரே பாட்டு ரெண்டு தடவை வராது."

"காலியா வேணும்."

"காலியாவா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலி பென்டிரைவ் வாங்கறவங்க ரெண்டு சாதி அண்ணே. ஒண்ணு காலேஜ் பிள்ளைங்க. இன்னொண்ணு கள்ள வேலை." தானே சிரித்துக்கொண்டார். "உங்களைப் பாத்தா காலேஜ் மாதிரி தெரியல லா."

சனிக்கிழமை காலை ஐஎஸ்ஓ கோப்பை இறக்கினேன். அதை வெளியிடுபவர்களின் பக்கத்தில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீண்ட எண் இருந்தது. இறங்கிய கோப்பைக் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். வழியில் ஒரு துளி கெட்டிருந்தாலும், யாராவது கை வைத்திருந்தாலும், முற்றிலும் வேறு எண் வரும். கணக்கிட்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். ஒத்திருந்தது. மனிதர்களுக்கும் இப்படி ஓர் எண் இருந்தால் எனக்கு வேலை இருக்காது.

பிறகு கோப்பைப் புதிய பென்டிரைவில் காப்பி செய்தேன். எந்தக் கோப்பையும் செய்வதுபோல இழுத்துவிட்டேன். அதை உர்சுலாவின் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்து, பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. பூட் செய்ய இதில் எதுவும் இல்லை.

அணைத்து மறுபடி செய்தேன். அதே வரி. மாரிஸ்தான் எதையோ செய்து வைத்திருக்கிறான் என்று தோன்றியது. யாரும் எந்தப் பக்கமாகவும் உள்ளே போகாதபடி. அந்த எண்ணம் எனக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. அவன் மறைக்கிறான் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது.

பாலனை அழைத்தேன்.

"பென்டிரைவைத் திறந்தா என்ன தெரியுது பாஸ்?"

"ஐஎஸ்ஓ கோப்பு. அது மட்டும்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "காப்பி பண்ணீங்களா?"

"நீதான் போடச் சொன்னே."

"ஐயோ பாஸ், அது மாவு பாக்கெட் மாதிரி. பாக்கெட்டை அப்படியே தோசைக்கல்லுல வச்சா தோசை வருமா? பிரிச்சு ஊத்தணும். அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, லிங்க் அனுப்பறேன். அது ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, பென்டிரைவ் முழுசையும் ஒரு டிஸ்க்காவே எழுதிடும். கவலைப்படாதீங்க, முதல் தடவை எல்லாரும் காப்பிதான் பண்ணுவாங்க."

"சரி."

"ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. எந்த டிரைவ்ல எழுதறீங்கன்னு பாத்துத் தேர்ந்தெடுங்க. தப்பானதுல எழுதினா அதுல இருந்தது போச்சு. கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது."

அவன் அனுப்பிய மென்பொருளைத் திறந்தேன். கோப்பைக் காட்டினேன். டிரைவ் என்ற இடத்தில் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. எழுது என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் என் விரல் போய்விட்டது. அளவைப் பார்த்தேன். நான் வாங்கியதைவிடச் சிறியது. உர்சுலாவின் பென்டிரைவை வழக்கம்போலக் காலையில் செருகிப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருந்தேன்.

அதைப் பிடுங்கி மேசையின் மறுகோடியில் வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு என்னுடையதில் எழுதினேன்.

எழுதி முடிந்ததும் என் கணினியில் ஒரு பெட்டி எழும்பியது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

தவறுதலாக அவளுடையதில்தான் எழுதிவிட்டேனோ என்று நினைத்தேன். அவளுடையது மேசைக் கோடியில், புள்ளி மேலே தெரிய, கிடந்தது. அதை எடுத்து அடுத்த துளையில் செருகினேன். இன்னொரு பெட்டி எழும்பியது. எழுத்துக்கு எழுத்து அதே கேள்வி.

இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையும் பூட்டவில்லை. விண்டோஸுக்கு இந்த வகைப் பென்டிரைவைப் படிக்கத் தெரியாது, அதனால் பார்மட் செய்யவா என்று கேட்கிறது. இத்தனை மாதம் நான் ரகசியம் என்று நினைத்தது நான் இன்று காலை செய்ததேதான். ஒரு பூட் பென்டிரைவ்.

என்னுடையதை லேப்டாப்பில் போட்டேன். இம்முறை எழுந்தது. பின்பக்கமாக நுழைந்து அவளுடைய கோப்புகளைத் திறந்தேன். வீட்டு மின்கட்டணம், அலுவலக வேலை, எங்கள் கேமரன் மலைப் படங்கள். எனக்குத் தெரியாத ஆணின் முகம் எதிலும் இல்லை. தேடினேன் என்பதை மறைக்கவில்லை. எதுவும் அழிக்கப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. பதிவிறக்கங்களில் ஓர் ஐஎஸ்ஓ கோப்பு இருந்தது. நான் இறக்கியதுதான். அவளுடையது ஒரு பதிப்பு பழையது. பக்கத்தில் பாலன் சொன்னது போன்ற ஒரு மென்பொருள். கோப்பின் தேதி, அவள் இறந்ததற்கு முந்திய நாள்.

ஊதாப் புள்ளியையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் எழுந்தது. அதே திரை, பின்னணிப் படம் மட்டும் வேறு.

அன்று அவளுடைய லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இது தேவையில்லை. உயிரில்லாத லேப்டாப் வைத்திருக்கும் யாருக்கோ செய்திருக்கிறாள். அப்படிப்பட்ட லேப்டாப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு பிழைக்கிற ஒருவனை எனக்குத் தெரியும்.

கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் ஏறினேன். கம்போங் மேடானுக்கு இறங்கும் நிலையமும் இதே வழியில்தான் வருகிறது. மாமியாரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் கைப்பேசியைப் பார்ப்பேன். இன்று ஜன்னலைப் பார்த்தேன். கூரைகள், துணி காயும் மாடிகள். பெட்டிக் கதவு திறந்து மூடியது.

மாரிஸ் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"பேட்டரி நல்லா இருக்கு அங்கிள். சத்தியமா."

"போன தடவையும் சத்தியம் பண்ணே. சார்ஜரைப் பிடுங்கினேன், டப்புனு செத்துச்சு."

"அது பழைய பேட்டரி அங்கிள்."

"இது?"

"இதுவும் பழசுதான். ஆனா நல்ல பழசு."

அங்கிள் சிரித்துவிட்டார். மாரிஸும் சிரித்தபடி தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

நான் கண்ணாடி மேசையைப் பார்த்தேன். விற்பனைக்கு வைத்த ஒரு லேப்டாப்பின் பக்கவாட்டில் பென்டிரைவ் செருகியிருந்தது. அதன் மூலையில் ஊதாப் புள்ளி. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள்ளும் இரண்டு மூன்று ஊதாப் புள்ளிகள்.

அங்கிள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். மாரிஸ் ஒரு துணியால் மேசையில் எதையோ துடைத்தான்.

"வாங்க மச்சான். சொல்லாம வந்துட்டீங்க. டீ சொல்லவா?"

ஏன், எதற்கு என்று கேட்டால் மனிதர்கள் கதையைத் தயார் செய்துகொள்வார்கள். சின்ன விஷயத்தைக் கேட்க வேண்டும்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ போட்டிருந்த சட்டை யாரோடது?"

அவன் துடைப்பதை நிறுத்தினான். தெருவைப் பார்த்தான். போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தொளதொளன்னு இருந்துச்சு."

"டீச்சர் புருஷனோடது," என்றான். "என் சட்டையெல்லாம் ரத்தம் மச்சான்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

கம்போங் மேடான் அடுக்குமாடியில் சீதாலெட்சுமி என்று ஒரு டீச்சர் டியூஷன் நடத்துகிறார். அவருக்கு இவன் சில பழைய லேப்டாப்புகளை விற்றிருக்கிறான். விண்டோஸ் போட்டால் நகராத பழசு. லினக்ஸ் போட்டுக் கொடு என்று யோசனை சொன்னவள் உர்சுலா. அவனுக்கு எப்போதும் பென்டிரைவ் செய்து தந்தவளும் அவள்தான்.

"அந்தத் தடவை நானே செய்யறேன்னு சொன்னேன். எத்தனை நாளைக்கு அக்காகிட்டயே கேக்கறதுன்னு. அக்கா பைலை மட்டும் அனுப்பிச்சு."

"எப்படிச் செஞ்சே?"

"எப்படின்னா? பென்டிரைவ்ல காப்பி பண்ணேன்."

காலையில் நானும் அதையேதான் செய்திருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அப்போது சொல்லவில்லை.

"அங்க போய் போடறேன், ஒண்ணுகூட வரல. டீச்சர் மூஞ்சி மாறிப் போச்சு. பிள்ளைங்க வர நேரம், ஏமாத்திட்டியான்னு கேக்கறாங்க. அக்காவுக்கு மெசேஜ் மேல மெசேஜ் போட்டேன். அக்கா கூப்பிட்டு, 'காப்பி பண்ணா எப்படிடா வரும், லூசு'ன்னு சிரிக்குது. 'நீ சொதப்புவன்னு தெரிஞ்சுதான் நேத்தே ஒண்ணு செஞ்சு பேக்ல போட்டு வச்சிருக்கேன். லன்ச்ல கார் பிடிச்சு வரேன். அதுவரைக்கும் டீச்சரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நில்லு'ன்னு சொல்லுச்சு."

அவன் பிஸ்கட் டின்னை மூடினான். திறந்தான்.

"நான் மேல மாடி நடைபாதையில நின்னுக்கிட்டிருந்தேன். அக்கா எதிர்ப்பக்கம் இறங்குச்சு. ரோட்டை நடந்து கடக்கற பாலம் அந்தக் கோடியில இருக்கு. அக்கா பாலத்தைப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு."

"நீ?"

"கை காட்டுனேன்."

"என்னன்னு?"

"வா, சீக்கிரம் வான்னு." வலது கையை மேசைக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கிக் காட்டினான். பிறகு அந்தக் கையைக் கீழே கொண்டுபோய் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "அக்கா பாலத்துலதான் வந்திருக்கும் மச்சான். நான் கூப்பிடாம இருந்திருந்தா."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"லேப்டாப்?" என்றேன்.

"நான் அனுப்பின வாட்ஸ்அப் எல்லாம் அதுலயும் இருக்கும்னு பயம். எல்லாம் சீக்கிரம் வா, சீக்கிரம் வா. நீங்க பாத்தா... அழிச்சிடலாம்னு எடுத்துட்டு வந்தேன். உள்ளயே போக முடியல. எதையோ பண்ணேன், அதுவும் செத்துப் போச்சு."

"உனக்குப் பென்டிரைவ் செஞ்சு தந்ததை அவ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்டயா?" அவன் முகத்தில் பழைய சிரிப்பின் ஓரம் தெரிந்தது. "ஒரு தடவை இந்த லேப்டாப் எல்லாம் எங்கேருந்து வருதுன்னு என்னை நிக்க வச்சு விசாரிச்சீங்களே, அதுலேருந்து அக்கா சொல்லும், 'அவருகிட்ட வாயைத் திறக்காத. பென்டிரைவுக்கும் ரசீது கேப்பாரு.'"

அது அவள் குரலேதான். அந்த ஒரு வாக்கியத்தை அவன் இட்டுக்கட்டியிருக்க முடியாது.

"நீ ஏன் சொல்லல? அடிப்பேன்னு நினைச்சியா?"

"நீங்க அடிக்க மாட்டீங்க மச்சான். அடிச்சாத் தேவலையே. நீங்க கேள்வி கேப்பீங்க."

நான் எழுந்தேன். "அந்த லேப்டாப் எல்லாம் எங்க?"

"அங்கேயேதான் கிடக்கும். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகல. டீச்சர் கூப்பிட்டாங்க, எடுக்கல."

"எந்த பிளாக்?"

சொன்னான். பிறகு, "என்னை நம்பலையா?" என்றான்.

"போய்ப் பாக்கணும்."

"நான் வரல மச்சான். என்னால அங்க முடியாது."

"வான்னு சொல்லல."

திரும்பி வரும் ரயிலில், எப்போதும் இறங்காத நிலையத்தில் இறங்கினேன். வெயில் சாயவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். காவல்துறை அறிக்கையில் படித்த இடம். லோரிகள் வேகமாகத்தான் வருகின்றன. எதிரே அடுக்குமாடி, கம்பி போட்ட நீண்ட நடைபாதைகள். மாரிஸ் சொன்ன கோடியில் பாலம் இருந்தது. தூரம்தான். அவன் சொன்னதில் முதல் பகுதி சரி. பாலத்தில் ஏறிக் கடந்தேன்.

படியேறி, சொன்ன கதவைத் தட்டினேன். இரும்புக் கதவுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தார். பூட்டைத் திறக்கவில்லை.

"யாரு? கடன் கம்பெனியா? பக்கத்து வீட்டுக்காரங்க எப்பவோ காலி பண்ணிட்டாங்க."

"மாரிஸ் குடுத்த லேப்டாப் விஷயமா வந்தேன்."

"ஓ, அவனா! அவன் எங்க? போனை எடுக்கறதே இல்ல. நீங்க யாரு, அவனுக்குப் பார்ட்னரா?"

"அவன் அக்கா உர்சுலாவோட புருஷன்."

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டார்.

உள்ளே பெரிய உடம்போடு ஒருவர் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சொல்லாமலே எழுந்து சத்தத்தைக் குறைத்தார். "அந்தத் தம்பி நல்லா இருக்கா?" என்று கேட்டார். "சட்டையைக் கழட்டிக் குடுத்தேன். திருப்பித் தர வேணாம், சும்மா வந்து மூஞ்சிய காட்டலாம்ல."

அந்தச் சட்டை அவருடைய தோளுக்குச் சரியாக இருந்திருக்கும். இதுவும் சரி.

லேப்டாப்புகளை அலமாரி மேல் அடுக்கி, மேலே ஒரு பழைய மேசைவிரிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். "வச்சுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல," என்றார் டீச்சர். "அவங்க இதுக்குத்தானே வந்தாங்க. நான் அன்னைக்கு அந்தத் தம்பியை ரொம்பப் பேசிட்டேன்." மேசைவிரிப்பை எடுத்து மடித்தார்.

ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். ஊதாப் புள்ளியைச் செருகினேன். பூட் மெனு வந்தது, தேர்ந்தெடுத்தேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. பிறகு வெளிச்சம்.

"இதைப் பிடுங்கிட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"நின்னுடும். உள்ள ஏத்திட்டா, அப்புறம் பிடுங்கினாலும் ஓடும்."

ஏற்றுவதற்கான பொத்தானை அழுத்தினேன். ஒரு பட்டை மெதுவாக நிறையத் தொடங்கியது. இனி நான் செய்ய எதுவுமில்லை. சாப்பிடப் போகிறேன் என்று எழுதிவிட்டு இங்கே வந்திருக்கிறாள். ஒரு சின்னப் பொய். தம்பிக்காக, என் கேள்விகளிலிருந்து தப்பிக்க. எல்லாம் ஒத்திருந்தது. எழுத்துக்கு எழுத்து. எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

காற்றுக்காக வெளி நடைபாதைக்கு வந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் மாரிஸின் வேன் நின்றிருந்தது. அவன் வேனுக்கு முன்னால், சாலை ஓரத்தில் நின்று மேலே மாடிகளைத் தேடிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டுகொண்டான். பாலத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னைப் பார்த்தான். ஒரு காலைச் சாலையில் வைத்தான். வளைவில் ஒரு லோரி திரும்பியது.

நான் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தன.

"மாரிஸ்! அங்கயே நில்லு! பாலத்துல வாடா! பாலத்துல!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. டீச்சர் உள்ளிருந்து ஓடி வந்தார். லோரி எங்களுக்கு நடுவே கடந்து போனது, நீளமாக, தகரம் அதிர.

அது போன பிறகு பார்த்தேன். அவன் காலைப் பின்னால் எடுத்திருந்தான். பாலம் இருக்கும் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தான். அவன் ஏறி, கடந்து, இந்தப் பக்கம் இறங்கும்வரை நான் கம்பியை விடவில்லை.